கடல் இடப்பக்கம்

மே 6. நாகப்பட்டினம்

காலை 5.40க்குச் சிதம்பரத்திலிருந்து பைக்கில் புறப்பாடு. 5.30 என்று நேற்றே சொல்லியிருந்தேன். பத்து நிமிடத் தாமதத்துக்கு நடத்துநரே பொறுப்பு. கேஸை மூடினேனா என்று ஒரு முறை, கொல்லைக் கதவைத் தாழ்போட்டேனா என்று ஒரு முறை உள்ளே போய்விட்டு வந்தாள்.

நடத்துநர் என்றால் நிஜமாகவே நடத்துநர். என் மனைவி தில்லைநாயகி அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து போன மாதம் முப்பதாம் தேதி ஓய்வு பெற்றாள். நான் கலியபெருமாள், அதே டிப்போவில் டிரைவர். எனக்குப் போன வருடமே மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு கோழிகூட என் சக்கரத்தில் அடிபட்டதில்லை. அதற்கு ஒரு மெடல் கொடுத்தார்கள். பீரோவில் இருக்கிறது.

இந்த நோட்டு அவள் வாங்கித் தந்தது. "முப்பத்திரண்டு வருஷம் டிரிப் ஷீட் எழுதன கை, சும்மா கெடந்து அரிக்குது. இதுல எழுதுங்க டிரைவரே" என்றாள். எனக்கு அவள் வைத்த பெயர் இன்றுவரை டிரைவர்தான். ஒவ்வொரு தாளிலும் இடது ஓரத்தை ஒரு விரல் அகலம் மடித்து வைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டால், "எழுத்து நேரா வரும்" என்கிறாள். டிக்கெட் கட்டைக் கிழித்துப் பழகிய விரலுக்குத் தாளைக் கண்டால் மடிக்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது.

அவளுடைய அப்பா பணியில் இருக்கும்போதே இறந்து, அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. முதல் நாள் டூட்டி என் வண்டியில். விசிலை வாயில் வைத்து ஊதினாள், காற்றுதான் வந்தது. சிரித்துவிட்டேன். மறுநாள் அவள் ஊதிய ஊதலில் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. கல்யாணத்துக்குப் பிறகு பைக்கிலும் அதே சட்டம்தான். முதுகில் ஒரு தட்டு, நிற்பேன். இரண்டு தட்டு, கிளம்புவேன். திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. கண்டக்டர் சொன்னால் டிரைவர் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிதம்பரம்–நாகப்பட்டினம் தடத்தில் இருவரும் ஒரே வண்டியில் எத்தனையோ வருடம் ஓடியிருக்கிறோம். கடலுக்குப் பக்கத்திலேயே ஓடியும் ஒரு நாள் இறங்கிக் கால் நனைத்ததில்லை. நேரம் குறிப்பவருக்குப் பதில் சொல்ல யாரால் ஆகும்? "ஒரு நாளாவது டிக்கெட் கிழிக்காம இந்த ரோட்டுல போவணுங்க, ரோடு முடியற வரைக்கும்" என்று அப்போதே சொல்வாள். ரோடு கன்னியாகுமரியில் முடிகிறது. இன்று தரங்கம்பாடியில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் நின்றாள். அறுபது வயதில் அப்படி ஒரு சிரிப்பு. இதைப் பார்க்க வைத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை, நடராஜருக்கே சொல்லி வைத்தேன்.

கண்ணைப் பற்றி ஒரு முறை எழுதிவிடுகிறேன். பிறகு எழுதப் போவதில்லை. தை மாதம் பென்ஷன் வேலை என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கடலூரில் ஒரு கண் டாக்டரைப் பார்த்தேன். இடது கண்ணில் நரம்பு கெட்டுவிட்டது என்றார். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், இனி வண்டி ஓட்டாதீர்கள் என்றார். டாக்டர்கள் சர்க்கரை வேண்டாம், உப்பு வேண்டாம் என்று எல்லாவற்றையும்தான் வேண்டாம் என்பார்கள். வலது கண் இருக்கிறது, கை பழகிய கை. இந்த ஒரு பயணம், அப்புறம் சாவியை ஆணியில் மாட்டிவிடுவேன். டாக்டர் எழுதிய தாள் வண்டியின் டூல்ஸ் பெட்டியில் பஞ்சர் சாமானுக்கு அடியில் இருக்கிறது. அங்கே அவள் கை போகாது.

வண்டி: நல்ல நிலை. விபத்து: இல்லை. ஓட்டுநர்: கலியபெருமாள். நடத்துநர்: தில்லைநாயகி.

மே 7. அதிராம்பட்டினம்

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஹெல்மெட்டுக்குள் ஈரத்துண்டு வைத்து ஓட்டினேன்.

தில்லை சேலையை விட்டுவிட்டு இந்தப் பயணத்துக்கென்று இரண்டு சுடிதார் வாங்கியிருக்கிறாள். இரு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து வருகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது, சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு நான்காக வாங்குவாள்.

வாய்தான் ஓயவில்லை. "லெஃப்ட்ல ஒரு அம்மா புல்லுக்கட்டோட வருது, பாவம் இந்த வெயில்ல." "இடது பக்கம் பெரிய பள்ளம், மழ பேஞ்சா கொளம் மாரி இருக்கும் போல." "லெஃப்ட்டு சந்துலேர்ந்து ஒரு சைக்கிள் வருது பாருங்க, பின்னால எவ்ளோ பெரிய கூடை." இரண்டு நாளாகக் கேட்கிறேன், வலப்பக்கம் இருக்கும் எதுவும் இவள் கண்ணில் படுவதில்லை. கடல் இடப்பக்கம் இருப்பதால் அப்படி என்று முதலில் நினைத்தேன். திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் ஏது கடல்?

முத்துப்பேட்டை தாண்டி ஒரு புங்கமரத்தடியில் நின்றோம். எதிர்வீட்டு அம்மாள், கேட்காமலே ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். வெங்காயம் அரிந்து போட்ட மோர். "எங்கேர்ந்து வர்றீக?" என்றார். சொன்னோம். "இந்த வயசுலயா?" என்று தில்லையின் கையைப் பிடித்துப் பார்த்தார். ஊர் பேர் தெரியாத மனிதர்களுக்கு மோர் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன், தப்பு.

சொட்டு மருந்தைச் சூட்டில் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பையின் பக்க உறையில் ஒளித்து வைத்திருந்தேன். சாயங்காலம் குளியலறையில் எடுத்தபோது சில்லென்று இருந்தது. உறைக்குள் ஈரத்துணி சுற்றிய தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது, அதன் குளிர்ச்சி. அதிர்ஷ்டம்தான்.

விபத்து: இல்லை. ஓட்டுநர், நடத்துநர்: மேற்படி.

மே 8. இராமநாதபுரம்

நீண்ட ஓட்டம். மீமிசல், தொண்டி, தேவிபட்டினம். தொண்டியில் மீன்குழம்புச் சாப்பாடு, இரண்டாவது முறை சோறு வாங்கினேன், அவள் முறைத்தாள்.

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நான் வண்டியை நிறுத்திவிடுகிறேன். ஓட்டிக்கொண்டே பார்ப்பது ஆபத்து என்று அவளிடம் சொன்னேன். இறங்கி, முகத்தை முழுதாகத் திருப்பி, நிதானமாகப் பார்க்கிறேன். "டைம் ஆச்சு, போவலாம்" என்று விரட்ட ஆளில்லை. "நிக்கலாம் டிரைவரே, இன்னும் கொஞ்சம் நிக்கலாம்" என்கிறாள். அவள் சீட்டி அடித்து முடுக்கிய காலமெல்லாம் கழிந்து இப்படிச் சொல்லிக் கேட்பது சுகமாக இருக்கிறது.

மே 9. இராமநாதபுரம்

ஓய்வு. செயினுக்கு எண்ணெய் போட்டேன். லாட்ஜ் கதவில் இடது தோளை இடித்துக்கொண்டேன். இந்த ஊரில் கதவெல்லாம் குறுகல்.

மே 10. தூத்துக்குடி

கீழக்கரை, சாயல்குடி வழியாக வந்தோம். பனைமரங்கள் தவிர நிழல் இல்லை. சாயல்குடியில் நுங்கு. தில்லை பெருவிரலால் நோண்டி எடுத்துத் தின்றாள், சுடிதாரெல்லாம் நுங்குத் தண்ணீர்.

வேம்பார் தாண்டி ஒரு சம்பவம். நான் அறுபதில் போய்க்கொண்டிருக்கிறேன். திடீரென்று முதுகில் ஒரு தட்டு. கால் தானாகப் பிரேக்கை அழுத்தி வண்டி நின்றது. எதற்கு நிறுத்தினாய் என்று கேட்க வாய் எடுத்தபோது, முன் சக்கரத்தை ஒட்டி ஒரு ஆட்டுக்குட்டி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் துள்ளிக்கொண்டு போனது. அதன் பின்னால் தாய். அதன் பின்னால் ஒரு பெரிய மந்தை.

"அழகா இருக்கு இல்ல குட்டி? பாக்கலாம்னுதான் தட்டுனேன்" என்றாள். என் சட்டையைப் பிடித்த கையை அடுத்த ஊர் வரை விடவில்லை. பாருங்கள், ஒரு தட்டுக்கு எவ்வளவு சீக்கிரம் பிரேக் பிடித்தேன். கை, கால் இன்னும் இருபது வயதில்தான் இருக்கின்றன.

அவளுடைய இடது செருப்பைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். விரல் பக்கம் மேல்தோலில் கறுப்பாக ஒரு தேய்மானம். இந்தச் செருப்பை மாசி மாதம்தான் வாங்கினோம். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் டூட்டி இல்லாத நாளில் விடியற்காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். கோயில் பிரகாரத்தில் நடந்தால் அடிப்பக்கம் அல்லவா தேய வேண்டும்? கேட்டேன். "கல்லுல இடிச்சிக்கிட்டேன்" என்றாள். இரண்டு மாதமும் ஒரே இடத்திலா இடித்துக்கொண்டாள்? பெண்களின் செருப்பு விவகாரத்தில் தலையிடாமல் இருப்பது நல்லது.

விபத்து: இல்லை. உப்பளங்களில் வெள்ளை வெள்ளையாக அம்பாரம். எல்லாம் இடப்பக்கம். அவள் சொன்னாள்.

மே 11. மணப்பாடு

இன்றைக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதாவிட்டால் முப்பத்திரண்டு வருடம் எழுதிய ஷீட்டெல்லாம் பொய்.

காலையில் திருச்செந்தூரில் தரிசனம் முடிந்து, கூட்டத்துக்குள் வண்டியை மெதுவாக எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து தில்லை ஓயவில்லை. "லெஃப்ட்ல காவடி வருது. லெஃப்ட்ல பெரியவரு. இடது பக்கம் பூக்கடை தள்ளுவண்டி, கொஞ்சம் வலது வாங்க, இன்னும் கொஞ்சம்." பக்கத்தில் ஆட்டோவில் சாய்ந்து நின்ற ஒருவன், "வண்டிய அக்காதான் ஓட்டுதாக, அண்ணாச்சி சும்மா பிடிச்சிருக்காக" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு வா. நான் என்ன குருடனா?" என்று கத்தினேன்.

அந்தச் சொல் வெளியே வந்ததும் எனக்கே திக்கென்றது. தில்லை, "சரி" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு உடன்குடி வரை ஒரு பேச்சில்லை. ஆனால் கை சும்மா இல்லை. என் இடது விலாவில் அவ்வப்போது ஒரு அழுத்தம் வரும். வந்ததும் நான் வலப்பக்கம் ஒதுங்கினேன். ஏன் ஒதுங்குகிறேன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

உடன்குடியில் ஒரு கருப்பட்டிக் கடை. மகளுக்கு ஐந்து கிலோ கருப்பட்டி சொன்னோம். சூடேறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும் வண்டி, அதனால் என்ஜினை அணைக்காமல் நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். தில்லை முகம் கழுவக் கடையின் பின்பக்கம் போனாள். போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். கோபத்தில் இருந்த நான் காதில் வாங்கவில்லை. கடைக்காரர் ஓலைப்பெட்டியை எனக்குப் பின்னால் சீட்டில் வைத்து, கயிறு போட்டு இறுக்கி, வேலை முடிந்த திருப்தியில் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

இரண்டு தட்டு. நான் கிளம்பிவிட்டேன்.

ஐந்து கிலோ கருப்பட்டிக்கும் அறுபத்தைந்து கிலோ மனைவிக்கும் வித்தியாசம் தெரியாதா என்று யாரும் கேட்பார்கள். தெரியாது. தட்டு விழுந்தால் கை கிளட்சை விடும், புத்தி அதற்குப் பிறகுதான் வரும். பின்னால் யாரோ கூப்பிட்ட சத்தமும் கேட்டது. வண்டி எடுத்த பிறகு கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் நின்றால் ஊர் போய்ச் சேர முடியாது. விசில் வந்தால் மட்டுமே நிற்பது என் வழக்கம்.

அவள் பேசவில்லை. கோபம் இன்னும் தணியவில்லை என்று நினைத்தேன். நல்ல நிழலான ரோடு, ஆள் நடமாட்டம் குறைவு. நான்தான் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் என்று தோன்றியது. பேச ஆரம்பித்தேன்.

"தில்லை, காலையில அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எவனோ சிரிச்சான்னு ஒன்ன கத்திட்டேன்" என்றேன். ஓலைப்பெட்டி முதுகில் உரசியது, அவள் சாய்ந்துகொண்டாள் என்று நினைத்தேன். தைரியம் வந்தது. "ஒன்கிட்ட ஒண்ணு மறச்சிட்டேன். தை மாசம் கடலூரு போனது பென்ஷனுக்கு இல்ல. கண்ணு…"

அந்த நேரம் இடப்பக்கம் படார் என்றது. ஹேண்டில் பிடுங்கிக்கொண்டது. வண்டி கோணலாகப் போய் மணலில் நின்றது. நான் விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் ஒரு சைக்கிள் கிடந்தது, அதன் ஐஸ் பெட்டி திறந்து மீனெல்லாம் தாரில் சிதறியிருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரல்களுக்கிடையில் ரத்தம்.

முப்பத்திரண்டு வருடத்தில் நான் பார்க்காத காட்சி. ஓடிப்போய், "தம்பி, தம்பி" என்று அவன் பக்கத்தில் குனிந்தேன்.

அவன் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் என் முகத்தையே பார்த்தான். "சந்துலேந்து வந்து கையக் காட்டிக்கிட்டுதான் நின்னேன் அண்ணாச்சி. நீங்க என் பக்கமே பாக்கல. யார்கிட்டயோ பேசிக்கிட்டே வந்து இடிச்சீக" என்றான்.

"பின்னால என் வீட்டுக்காரிகிட்ட" என்று சொல்லித் திரும்பினேன். வண்டியில் ஓலைப்பெட்டிதான் இருந்தது.

"பின்னால ஆளே இல்லையே" என்றான் அவன்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. புல்லுக்கட்டு, பள்ளம், சைக்கிள், ஆட்டுக்குட்டி, உப்பளம். சிதம்பரத்திலிருந்து இந்த இடம் வரைக்கும் என் இடப்பக்கத்தை நான் ஓட்டவில்லை, அவள் வாயால் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் இல்லாத மூன்று கிலோமீட்டரில் ஒருவனைத் தரையில் தள்ளிவிட்டேன்.

ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அடிபட்டவன் எழுந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினான். பெயர் மிக்கேல், மணப்பாட்டுக்காரன். "குடிங்க. கை லேசாத்தான் செராஞ்சிருக்கு. நீங்க நடுங்குதீக" என்றான். ரத்தம் அவனுக்கு, தண்ணீர் எனக்கு.

அப்போது ஒரு விசில் கேட்டது. ஒன்றே ஒன்று. கடைத்தெருவே திரும்பிப் பார்த்த அந்த விசில். உடன்குடியிலிருந்து வந்த டவுன் பஸ் சடக்கென்று நின்றது. ஜன்னலில் தில்லையின் முகம். பையிலிருந்த பழைய விசிலை எடுத்து அவளே ஊதியிருக்கிறாள், டிரைவர் தன் கண்டக்டர்தான் ஊதினார் என்று நிறுத்திவிட்டார். இறங்கி, "ரொம்ப நன்றி டிரைவரே" என்று அவருக்குச் சொல்லிவிட்டு நடந்து வந்தாள்.

என்னிடம் வரவில்லை. முதலில் மிக்கேலிடம் போனாள். கையை மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, எலும்பில் அடியில்லை என்று பார்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். மூவரும் மீனைப் பொறுக்கினோம். மீனுக்கு அவள் கொடுத்ததை வாங்கிக்கொண்டான், கைக்கென்று கொடுத்ததை வாங்கவில்லை. "அக்கா, அண்ணாச்சிய இனிமே ஓட்ட விடாதீங்க" என்று மட்டும் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவன் போன பிறகு சொன்னேன். "எனக்கு லெஃப்ட்டு கண்ணு தெரியல தில்லை."

"தெரியும்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"மாசியிலேர்ந்து. வீட்டுல ஒரு நெலக்கதவு விடாம எடது தோள இடிச்சிக்கிட்டீங்க. அப்பறம் டூல்ஸ் பெட்டியில காத்தடிக்கற டியூபு தேடுனேன், டாக்டர் எழுதன தாளு இருந்துச்சு. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறீங்க, அதுவும் கண்டக்டர்கிட்ட. ஏறனவன் மூஞ்சியப் பாத்தே டிக்கெட் வாங்கலன்னு கண்டுபுடிக்கறவ நான்."

மருந்து உறையில் இருந்த ஈரத்துணி, கைக்குத் தட்டுப்படட்டும் என்று மடித்த நோட்டின் இடது ஓரம். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். விசிலடிக்கறதுதான் என் வேல, ஸ்டியரிங்கப் புடுங்கறது இல்லன்னு நெனச்சேன். நான் வரமாட்டேன்னா நீங்க தனியா கெளம்பியிருப்பீங்க. கூட இருந்து பாத்துக்கலாம்னு ஒரு திமிரு. அந்தத் தம்பி கையில ரத்தத்தப் பாத்ததும்தான் தெரியுது, ரெண்டு பேரும் சேந்து தப்பு பண்ணியிருக்கோம். ரோட்டுல போறவங்களுக்கும் வீடு இருக்கு."

அவள் அழவில்லை. நான் அழுதேன். ஒளிக்க ஒன்றுமில்லை, எழுதிவிட்டேன்.

சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். "வண்டிய இங்கயே உட்டுட்டு பஸ்ஸுல போவலாம்" என்றேன். அவள் பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். வலது கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படித்தேன். தில்லைநாயகி, கியர் வைத்த மோட்டார் சைக்கிள் ஓட்டும் லைசென்ஸ். சித்திரை மாதம் கொடுத்தது.

"கோயிலுக்கா போன நீ?"

"கோயிலத் தாண்டிதாங்க டிரைவிங் ஸ்கூலு மைதானம். போறப்ப வாசல்ல நின்னு ஒரு கும்புடு போட்டுட்டுதான் போவேன்."

இடது செருப்பின் மேல்தோல். கியர் லீவரைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த அடையாளம் அது. டிரைவராக இருந்தும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதுதான் சரி.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தாள். ஓலைப்பெட்டியை மடியில் வைத்து நான் பின்னால் ஏறினேன். என்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை.

"எடு" என்றேன்.

"கண்டக்டர் சொல்லாம டிரைவர் எடுக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?"

அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

விபத்து: ஒன்று. அப்போது வண்டியை ஓட்டியவர்: கலியபெருமாள்.

மே 12. கன்னியாகுமரி

காலையில் மணப்பாட்டில் மிக்கேலின் வீட்டைத் தேடிப் போய்ப் பார்த்தோம். காயம் உலர்ந்திருக்கிறது. அவன் மனைவி டீ கொடுத்தாள். பாதிக் கருப்பட்டியை அங்கே கொடுத்துவிட்டோம்.

தில்லை முப்பத்தைந்துக்கு மேல் போகவில்லை. மாட்டுவண்டிகூட எங்களைத் தாண்டிவிடும். நான் பின்சீட்டில் உட்காரத் தெரியாதவன். வளைவு வந்தால் என் வலது கால் பிரேக்கைத் தேடி அவள் காலை மிதிக்கிறது. "ஓட்டறது நான். சும்மா ஒக்காருங்க" என்று மூன்று முறை திட்டு வாங்கினேன். கடமை தவறக் கூடாதென்று, "ரைட்ல லாரி வருது, ரைட்ல ஒரு நாய்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும்" என்றாள். உவரிக்குப் பக்கத்தில் சிரிப்பு தாங்காமல் வண்டியை ஓரங்கட்டிவிட்டாள்.

"என்கிட்ட சொல்ல நாலு மாசம் ஆச்சு. கருப்பட்டிகிட்ட மட்டும் மூணு கிலோமீட்டர்ல சொல்லிட்டீங்களே" என்றாள். இதை ஆயுள் முழுக்கச் சொல்லப் போகிறாள். சொல்லட்டும்.

மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஊர் திரும்பியதும் தில்லையோடு டாக்டரிடம் போகிறேன். என் லைசென்ஸை அவளிடமே கொடுத்துவிட்டேன், மெடல் பெட்டியில் வைக்கச் சொல்லி. கொடுக்கும்போது கை வலித்தது. கொடுத்த பிறகு இவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் தை மாதமே கொடுத்திருப்பேன்.

சாயங்காலம் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். அவள் என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் எனக்கு இனி அவள்தான். ஒரு கண் பார்வை போன இந்த வருடத்தில் நான் இவ்வளவு நிறைவாக இருக்கிறேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். மிக்கேலுக்கு அந்த அடி முழங்கையோடு போனதற்கு நன்றி. பெயர் கேட்காமல் வந்த அந்த மோர்க்கார அம்மாளுக்கும் நன்றி. தில்லைக்கு நன்றி சொன்னால் திட்டுவாள், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

"வரச்ச பூரா கடல எறங்கி எறங்கித்தான் பாத்தீங்க" என்றாள். "நாளைலேர்ந்து வடக்க போறோம். கடல் ஒங்க வலது பக்கம் வரும். ஊர் வரைக்கும் பாத்துக்கிட்டே வாங்க."

இதையும் அவள் சிதம்பரத்திலேயே யோசித்து வைத்திருக்கிறாள்.

நாளை காலை 5.30க்குப் புறப்பாடு.

வண்டி: நல்ல நிலை. விபத்து: இல்லை. ஓட்டுநர்: தில்லைநாயகி. நடத்துநர்: கலியபெருமாள்.